ஆறாவது கதவு

"மூணு மணி நேரத்துல முடிஞ்சுபோற வீடியோ விளையாட்டுக்கு இவ்வளவு விலையா? இந்தக் காசுக்கு ஒரு நல்ல குக்கர் வாங்கியிருக்கலாம். குக்கர் என்ன, மூணு மணி நேரத்துல முடிஞ்சா போயிடும்?"

ஆறு வாரமாக இதே மூன்று வாக்கியங்கள், இதே வரிசையில். பூட்டுக்காரருக்கு மனப்பாடம். 'குக்கர் என்ன' என்று வரும்போது மனைவியின் கையிலிருக்கும் கரண்டி தோள் உயரத்துக்கு எழும்பும் என்பது உட்பட மனப்பாடம்.

"முதல்ல, அது மூணு மணி நேரத்துல முடியறதே கிடையாது" என்றார், சோபாவிலிருந்து கண்ணை எடுக்காமல், அதாவது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், சோபாவிலிருந்து உடம்பை எடுக்காமல்.

"மாடி வீட்டு போட்டோகிராபர் ரெண்டே முக்கால் மணி நேரத்துல முடிச்சாராமே? அவர் பொண்டாட்டி சொன்னா."

"அந்த ஆளு அவசரக்காரர். அவர் எடுக்கற போட்டோல பாதிப் பேருக்குக் கண்ணு மூடியிருக்கும்."

பூட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஒரு கடை. இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. திறக்காத பூட்டைத் திறப்பார், மூடாத கதவை மூட வைப்பார். தொழிலில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பூட்டைப் பூட்டினாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். தன் பூட்டு, பிறர் பூட்டு என்ற பேதமே கிடையாது. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது.

அப்படிப்பட்டவர் வாங்கிய விளையாட்டு ஒரு திருடனைப் பற்றியது. திருடன் என்றால் நல்ல திருடன். பறிகொடுத்த பெட்டி ஒன்றை மீட்டு வர ஒரு பெரிய மாளிகைக்குள் நுழைகிறான். சுடக்கூடாது, அடிக்கக்கூடாது. காவலாளிகள் கண்ணிலும் காதிலும் படாமல், பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி ஏழு கதவுகளைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதில் பூட்டுக்காரருக்கு இருந்த உண்மையான ஆதாயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

விளையாட்டு வருவதற்கு முன்னால் ஞாயிறு மத்தியானம் என்றால் மனைவியின் அண்ணன் வீடு. அந்த அண்ணனுக்கு முட்டி வலி. வலது முட்டியைப் பற்றி ஒரு மணி நேரம், இடது முட்டியைப் பற்றி ஒரு மணி நேரம், அப்புறம் டீ. டீக்குப் பிறகு எக்ஸ்ரே படங்கள். பூட்டுக்காரர் அந்த முட்டிகளைத் தன் சொந்த முட்டிகளை விட நன்றாக அறிவார்.

விளையாட்டை வாங்கிய அன்று அவர் ஒரு கணக்குப் போட்டார். தன் மனைவிக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம் வீணாக்குவது. பற்பசை ட்யூபைக் கத்தரித்துத் திறந்து வழித்தெடுக்கிற பெண்மணி. ஆகவே, "இவ்வளவு விலை குடுத்து வாங்கினதை முடிக்காம விட்டா காசு வீண்தானே? முடிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் வரலை" என்றார்.

அவள் அரை நிமிஷம் யோசித்தாள். "சரி. முடிக்கிற வரைக்கும்" என்றாள். ஆறு ஞாயிறாக அண்ணன் வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வருகிறாள்.

முடிக்கிற வரைக்கும்! முடித்தால்தானே?

ஏற்பாடுகளும் பலமாகச் செய்தார். மத்தியானம் யாரும் அழைத்துத் தொல்லை செய்யக்கூடாது என்று வாசல் மணியின் ஒயரைக் கழற்றினார். வீட்டிலிருந்த இரண்டு போன்களின் வாயையும் அடைத்தார். வெளிச்சத்தம் ஒரு துளிகூட நுழையாத பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினார். காதில் மாட்டினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இடி விழவில்லை, மனைவி கூப்பிட்டாள். அதுவும் கேட்கவில்லை. பரம திருப்தி.

வேண்டுமென்றேதான் முடிக்காமல் இழுக்கிறோம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், நாலு வாரமாக ஆறாவது கதவிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். ஏன் மாட்டுகிறார் என்று அவருக்கே புரியவில்லை.

"எந்தக் கதவுல இருக்கீங்க?" என்றாள் மனைவி, இந்த ஞாயிறு மத்தியானம். கரண்டி கீழே வந்திருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

"ஆறாவது."

"போன மாசமும் ஆறாவதுதானே?"

"அது பெரிய கதவு."

"உங்களுக்கு வரலைன்னு சொல்லுங்களேன்."

"எனக்கா? பூட்டைப் பத்தி எனக்கா?" பூட்டுக்காரர் எழுந்தே விட்டார். இங்கேதான் அவர் புத்தி கொஞ்சம் வழுக்கியது. "நீ முடிச்சுக் காட்டு பாப்போம். இன்னிக்கே, இப்பவே. நீ முடிச்சிட்டா ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம உங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். எக்ஸ்ரேயை நானே கேட்டு வாங்கிப் பாக்கறேன்."

"முடிக்கலைன்னா?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு. குக்கர் பேச்சு இந்த வீட்டுல எடுக்கக்கூடாது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "முதல்ல நீங்க ஒருதரம் ஆடிக் காட்டுங்க."

காட்டினார். திருடன் சுவரோரமாக நகர்ந்தான். ஆறாவது கதவின் பூட்டைத் திறந்தான், என்ன நேர்த்தி! உள்ளே போனான். கதவைச் சாத்தினான். பூட்டினான். டொக், டொக். காவலாளி ஓடி வந்தான். திருடனுக்கு ஓட வழி கிடையாது, கதவுதான் பூட்டியாயிற்றே. பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா? அந்தக் காவக்காரனுக்குப் பாம்புக் காது" என்றார்.

"பூட்டினப்புறம் ஏன் இழுத்துப் பாத்தீங்க?"

"பூட்டினா இழுத்துப் பாக்க வேண்டாமா?"

"திருட வந்த இடத்திலயா?"

பூட்டுக்காரர் திரையைப் பார்த்தார். நாலு வாரமாக உள்ளே போகாத ஏதோ ஒன்று மெதுவாக உள்ளே போயிற்று. பட்டன் கருவியை அவளிடம் நீட்டினார்.

"நடக்கறதுக்கு எந்த பட்டன்?" என்றாள்.

அவள் இதுவரை எந்த விளையாட்டும் ஆடினதில்லைதான். ஆனால் இரண்டு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்த குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, அறையைத் தாண்டி வெளியே போயிருக்கிறாள். எலி மூச்சு விட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் மாமனாரின் கட்டிலைத் தாண்டி, பதினோரு வருஷம் காலையில் பால் எடுக்கப் போயிருக்கிறாள். எந்தக் கதவு கிறீச்சிடும், எந்தப் பாத்திரம் உருளும் என்பதெல்லாம் அவள் கால் கட்டைவிரலுக்குத் தெரியும். மாளிகை எம்மாத்திரம்?

ஆறாவது கதவைத் திறந்தாள். சாத்தவில்லை. ஒருக்களித்து விட்டுவிட்டுப் போனாள்.

"அய்யோ, கதவு!" என்றார் பூட்டுக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"கத்தாதீங்க. அவன் முழிச்சுக்கப் போறான்."

"அவனுக்கு நம்ம சத்தம் கேக்காது."

"எனக்குக் கேக்குது."

ஏழாவது கதவருகே நாற்காலியில் ஒரு காவலாளி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நகராமல் நின்றாள்.

"போயேன், தூங்கறான்ல?"

"தூங்கலை. மூச்சைப் பாருங்க, இது பாவலாத் தூக்கம். எங்க மாமனார் அப்படியேதான். இப்ப ஒருதரம் புரண்டுட்டு, அப்புறம்தான் நிஜமாத் தூங்குவான்."

காவலாளி புரண்டான். குறட்டை விட்டான். அவள் அவன் காலடி வழியாகப் போய், பெட்டியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே வெளியே வந்தாள். திறந்து கிடந்த ஆறாவது கதவு அவளுக்காகக் காத்திருந்தது. மொத்தம் பதினெட்டு நிமிஷம்.

பூட்டுக்காரருக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து கைதட்டத் தோன்றியது. உண்மையாகவே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"நல்லா இருந்துதா?" என்றார், குரல் இறங்கி.

"ம்."

"அப்ப விலைக்குத் தகும்னு ஒத்துக்கறியா?"

அவள் நியாயமாக யோசித்துப் பார்த்தாள். "ஆடறவங்களைப் பொறுத்தது. நீங்க ஆடினா தகாது. போய்ச் சட்டையை மாத்துங்க, அண்ணன் காத்துக்கிட்டிருப்பாரு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டுச் சட்டையை மாற்றினார். தலையை வாரினார். முகத்தை முட்டி வலி கேட்கிற முகமாக மாற்றிக்கொண்டு வந்தார். அவள் சோபாவிலேயே இருந்தாள்.

"நீ கிளம்பலையா?"

"நான் எதுக்கு? பந்தயம் கட்டினது நீங்க."

"உன் அண்ணன் ஆச்சே!"

"அதனாலதான் சொல்றேன். அந்த முட்டியை உங்களுக்கு முன்னாடியிருந்து கேக்கறேன். எனக்கு மட்டும் ஆசையா?"

"அப்புறம் ஏன் வாராவாரம் போற?"

"யாராவது உக்காந்து கேட்டாத்தானே அண்ணி அந்த ரெண்டு மணி நேரமாவது உள்ள போய்ப் படுக்க முடியும்? ஆறு வாரமா நான் கேட்டாச்சு. இப்ப உங்க முறை. போங்க, பாவம் அவங்க தூக்கத்துல கண்ணு சொக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

பூட்டுக்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

டிவியில் ஒரு வரி மினுங்கியது: 'மறுபடியும்? இந்த முறை எந்தத் தடயமும் விடாமல்?' அவள் பட்டனை அமுக்கினாள். அவர் ஆசை ஆசையாய் வாங்கிய ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கால்களை மேலே தூக்கி, அவருடைய தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

பூட்டுக்காரர் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு, அவரே தேர்ந்தெடுத்து அவரே பொருத்தியது. இழுத்துப் பார்த்தார், இரண்டு தரம். ஆடவில்லை, அசையவில்லை. நல்ல பூட்டு. 'சாவி இல்லாம நானே வந்தாலும் திறக்க முடியாது' என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவர் அடித்துச் சொல்லும் பூட்டு.

படியில் கால் வைத்தவருக்குப் படி இரண்டாகத் தெரிந்தது. மூக்கைத் தடவினார். கண்ணாடி இல்லை. பையைத் தடவினார். சாவியும் இல்லை. இரண்டும் டிவி பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக.

மணியை அமுக்கினார். ஒயர் நினைவுக்கு வந்தது. போனில் அழைத்தார். உள்ளே அவள் போன், அவர் அடைத்த வாயோடு, சத்தமில்லாமல் மினுங்கிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டினார். கையால், பிறகு செருப்பால். மாடி வீட்டு போட்டோகிராபர் மட்டும் எட்டிப் பார்த்து, புரிந்துகொண்டு, பெருந்தன்மையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியில் பூட்டுக்காரர் குனிந்து, தன் கையாலேயே பொருத்திய சாவித் துவாரத்தில் வாயை வைத்து, இருக்கிற மரியாதையையெல்லாம் குரலில் சேர்த்துக் கேட்டார்.

"அம்மா தாயே, ஒரே ஒரு நிமிஷம் கதவைத் திறயேன். நான் உள்ளகூட வரலை, கண்ணாடியை மட்டும் குடுத்துடு."