நீலவாள் வீரனுக்கு இரண்டு மணி நேரப் பர்மிஷன்

எங்கள் அலுவலகம் மண்ணூர்பேட்டையில் இருக்கிறது. ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில் நிர்வாகம் மிகவும் கண்டிப்பு. சென்ற மாதம் அனிமே வாரம், அதாவது ஜப்பான் கார்ட்டூன் வாரம், என்று சுற்றறிக்கை வந்தது. அனைவரும் வேடமணிந்து வர வேண்டும். மாலை ஆறு மணி வரை வேடம் கலைக்கக் கூடாது. வருகையாளர்களுக்கும் இது பொருந்தும்.

வாரம் முழுக்க நாங்கள் நடிக்க வேண்டிய கதையை எழுதியது எச்.ஆர். ஸ்வாதி. அரசருக்குச் செய்த சத்தியத்துக்கும் இளவரசி மேல் வைத்த காதலுக்கும் நடுவில் தவிக்கிற நீலவாள் வீரன். அந்த வேடம் டெஸ்டிங் டீம் வெற்றிச்செல்வனுக்குப் போனது. நீல விக், தெர்மாகோல் வாள். மேனேஜர் தட்சிணாமூர்த்தி அரசர்; வேறு எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. எனக்கு மரம். மரத்துக்கு வசனம் கிடையாது.

வெற்றிக்கு நிஜமாகவே ஒரு காதல் இருந்தது. பெயர் யுவராணி, வீடு திருமுல்லைவாயில். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பெண் கேட்கும்படி அவள் அப்பா துலுக்கானம் சொல்லியிருந்தார். வராவிட்டால் குத்தம்பாக்கத்து மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுவாராம்.

மூன்று மணிக்கு வெற்றி அரசர் முன் போய் நின்றான்.

"சார், ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும். பொண்ணு கேக்கப் போவணும்."

அரசர் அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "வீரன் பர்மிஷன் கேட்கிற சீன் கதையிலேயே இல்லையேப்பா."

"கடைசியில வீரன் இன்னா சார் பண்றான்? காதல்தான் முக்கியம்னு போறானா?"

அரசர் ஸ்வாதியைப் பார்த்தார்.

"கிளைமாக்ஸ் ஹெட் ஆபீஸுக்கு அப்ரூவலுக்குப் போயிருக்கு சார்," என்றார் ஸ்வாதி. "அது வர்ற வரைக்கும் தவிக்கிற நிலையிலேயே தொடரணும்."

"எப்ப வரும் மேடம்?"

"திங்கட்கிழமை ஞாபகப்படுத்தறேன்."

வெற்றி என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்." பாவமாகத்தான் இருந்தது. கிளைகளை லேசாக அசைத்தேன்.

நாலரை மணிக்குத் துலுக்கானமே கோபத்தோடு வந்து இறங்கினார். கேட்டில் வாட்ச்மேன் அவர் தலையில் இரண்டு கொம்பை மாட்டி, 'அசுரர், ஒருவர்' என்று பதிவேட்டில் எழுதி உள்ளே விட்டார்.

"இன்னாப்பா கோலம் இது?"

"ஆபீஸ்ல போடச் சொன்னாங்க மாமா."

"ஊட்டுக்கு ஏன் வர்ல?"

"பர்மிஷன் குடுக்கல மாமா."

"கயட்டிக் கடாசிட்டு வர்றதுதானே?"

"ஆறு மணி வரைக்கும் கயட்டக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

துலுக்கானம் விக்கிலிருந்து வாள் வரை நிதானமாகப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் தணிந்தது.

"குத்தம்பாக்கத்துப் பையன் எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்குறான். நீ சொன்னா சொன்னபடி கேக்குற புள்ளை. எம் பொண்ணு உன்கிட்ட ராணியா இருப்பா. அடுத்த மாசமே தேதி வெச்சுக்கலாம்."

ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசர் கைதட்டினார். 'சிறந்த தவிப்பு' சான்றிதழ் வெற்றிக்கே கிடைத்தது.

மரங்களுக்கு ஐந்து மணிக்கே ஷிப்ட் முடிந்துவிடும். ஆவடி பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் துலுக்கானம். தலையில் கொம்பு அப்படியே இருந்தது.

"அண்ணாத்தே, இன்னும் கழட்டலையா?" என்றேன்.

"மணி இன்னா ஆவுது?"

"அஞ்சே கால்."

"ஆறு ஆவட்டும். வாட்ச்மேன் சொல்லிக்கீறாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, இலைகளை மடியில் ஒதுக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.