சிவப்புப் பொட்டு வைத்த ஃபில்டர்

கிடுக்... கிடுக்... கிடுக். திருப்பத்தில் இரண்டு தரம், பள்ளத்தில் ஒரு தரம். என்றைக்கோ அவர்கள் வீட்டுப் பழைய கார் போட்ட சத்தத்தை வாத்தியார் மனைவி இன்றும் நாக்கைச் சுழற்றிச் செய்து காட்டுவாள். பேரப்பிள்ளைகள் சிரிக்கும். வாத்தியார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

அவர் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவனை முதுகை வைத்தே பிடிப்பவர். "என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்" என்று பல் துலக்கும்போதுகூடச் சொல்வார். கார் சாவியை மனைவி கையில் கொடுத்ததே இல்லை. அவளுடைய லைசென்ஸ் பீரோவில் புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் ஆரம்பித்த அன்று தெருமுனை மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சைலன்ஸரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் லூஸ் சார். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு டீக்குக் குடுங்க, போதும்."

வாத்தியார் முகம் சுருங்கிற்று. டீக்கு வேலை பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்ஷாப்புக்குத்தான் போகப்போறேன்."

"அங்க மொட்டையடிச்சிடுவாங்களேங்க."

"எனக்கா?"

அவள் அவர் தலையைப் பார்த்தாள்.

"இவளே, கழட்டின பழைய சாமானை என் கையில குடுத்தாத்தான் வண்டியை எடுப்பேன். அப்ப எப்படி ஏமாத்துவான்?"

"ஏமாத்திட்டான்னா?"

"சாவி உன்னுது. ஆயுசுக்கும்!"

"சரி, இருங்க. கார்ல என் குடை கெடக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

ஒரு குடையை எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பெண்கள் விஷயம் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒர்க்ஷாப்பில் சோபா இருந்தது. டை கட்டினவன் ஒருவன், ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கினான். "ஃபில்டர், பெல்ட், எல்லாம் போச்சு சார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதுதான் அவன் தொழில். பயம் விற்கிறவனுக்கு ஸ்பானர் எதற்கு?

சாயங்காலம் வாத்தியார் முழ நீள பில்லோடும் ஓர் அட்டைப்பெட்டியோடும் வந்து இறங்கினார்.

"பாரு! நம்ம பழைய ஃபில்டர். என்னா கறுப்பு!"

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நம்மளது இல்லீங்க."

"ஃபில்டர்ல பேரா எழுதியிருக்கு?"

"பொட்டு வச்சிருந்தேன்."

வாசலுக்குக் கூட்டிப்போய் பானெட்டைத் திறந்தாள். ஃபில்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே பழைய ஃபில்டர், ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. பக்கத்தில் பழைய பெல்ட். அதிலும் ஒரு பொட்டு.

"குடை எடுக்கப் போறேன்னியே..."

"குடை வீட்டுலதாங்க இருந்திச்சு. உங்க சிவப்பு மை அழிஞ்சிடும், அதான் நகப்பூச்சு."

"அப்ப பெட்டியில இருக்கறது யாருது?"

"பழசைக் கேக்கற புத்திசாலிங்களுக்குன்னே அங்க ஒரு டிரம் நிறைய வச்சிருக்காங்களாம். தெருமுனை மெக்கானிக் சொன்னார். முன்னே அங்கதான் வேலை பாத்தாராம். அது பொறுக்காமத்தான் வெளிய வந்தாராம்."

அவள் கையை நீட்டினாள். வாத்தியார் சாவியைத் தேடுகிறவர் போல எல்லாப் பைகளையும் தடவினார். சாவி கையில்தான் இருந்தது.

கிடுக், கிடுக் என்று தெருமுனைவரை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு டீ.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அந்தக் கார் ஓடிற்று. வாத்தியார் பக்கத்து சீட்டில், குடையை மடியில் வைத்துக்கொண்டு போனார்.