லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் குறைகிறது

அன்பும் பொறுமையும் ஒருசேர வாய்த்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. நான் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். உங்கள் அக்கா நலமா என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது, என் போனை எடுப்பதே இல்லை.

அவள் தரப்பை இதற்குள் மூன்று தடவையாவது கேட்டிருப்பீர்கள். என் தரப்பையும் கேளுங்கள். ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிள் உங்களுக்குத் தெரியும். ஊர் சுற்றுவதற்கென்றே பக்கப் பெட்டிகள், உயரமான முன்கண்ணாடி, இரும்புக் கம்பிகள், உங்கள் அக்கா முதுகு சாய ஒரு மெத்தைச் சாய்மானம் என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். நீங்களும் உங்கள் பங்குக்குப் பெரிய முன்சக்கரம் ஒன்றைப் பரிசாக அனுப்பினீர்கள். வண்டி ராஜா மாதிரி நின்றது. மைலேஜ்தான் லிட்டருக்கு இருபத்தாறு. வண்டியோடு வந்த புத்தகத்தில் முப்பது என்று போட்டிருக்கிறான். மீதி நான்கு கிலோமீட்டர் எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாகப் புகுந்து பொய்த் தராசுகளைப் பிடித்தவன் நான். என் வீட்டு வாசலிலேயே அளவு குறைந்தால் விடுவேனா?

டயரில் காற்றைச் சரிபார்த்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைத்தேன், இருபதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். என்னைத் தாண்டிப் போன சைக்கிள்காரர் ஒருவர், "வண்டி ரிப்பேரா சார், தள்ளிவிடவா?" என்று கேட்டார். முன்கண்ணாடியைக் கழற்றினேன், வாயைத் திறந்தபோதெல்லாம் ஒரு பூச்சி உள்ளே போனது. மைலேஜ் அரை கிலோமீட்டர் ஏறியது. இதற்கு நடுவில் உங்கள் அக்கா, பின்னால் உட்கார்ந்து சாலையோரக் கல்லையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருபவள் அல்லவா, ஒருநாள் சொல்கிறாள்: "தம்பி வீடு நூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு கல்லு சொல்லுது. உங்க மீட்டர் நூத்தி இருபதுதான் காட்டுது. அதைக் கொஞ்சம் பாருங்களேன்." நான், "கல்லு நட்டவன் தப்பா நட்டிருப்பான். மீட்டர் பொய் சொல்லாது" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, மறுநாளே அவளுடைய சாய்மானத்தைக் கழற்றினேன்.

கடைசியில் மெக்கானிக்கைக் கேட்டேன். "எடையைக் குறைங்க சார்" என்றார். இது நம்ம துறை ஆயிற்றே! கூடத்தில் எடை இயந்திரத்தை வைத்து, பெட்டி, கம்பி, ஹெல்மெட், ஸ்பேனர் என்று வண்டியில் ஏறுகிற அத்தனையையும் நிறுத்தேன். உங்கள் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சும்மா ஒரு நிமிஷம் ஏறி நில்லேன்" என்றேன். நின்றாள், பாவம். எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டினேன். மேலே தலைப்பு, "குறைக்க வேண்டியவை". ஐந்தாவது வரி, "பின்சீட்: 71.4 கிலோ".

அவள் அதைப் படித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். ஒரே ஒரு பையோடு வாசலில் நின்று, "உங்க வண்டிக்குப் பாரம் குறைஞ்சுது. சந்தோஷமா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். மைலேஜ் ஒன்று கூடியது. "மெதுவா, பள்ளம் பள்ளம்" என்று சொல்ல ஆளில்லாமல் நேற்று மட்டும் இரண்டு பள்ளத்தில் இறங்கினேன். அந்த ஒரு கிலோமீட்டரை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை, மாப்பிள்ளை. ஆனாலும் அளந்தது அளந்ததுதான். எடை என்பது வெறும் எண், அதில் கோபத்துக்கு இடமில்லை என்று நீங்கள் எடுத்துச் சொல்லி, அவளைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். பட்டியலை மட்டும் எடுக்க மாட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் அளவு குறையாமல் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மெக்கானிக் வந்தார். மீட்டர் முன்சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் தூரம் காட்டுமாம். நீங்கள் அனுப்பிய சக்கரம் பெரிசு, அதனால் குறைவாகச் சுற்றுகிறது, மீட்டரும் குறைத்தே காட்டியிருக்கிறது. கல் சொன்ன நூற்று முப்பத்தெட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். உங்கள் அக்கா, பெட்டி, சாய்மானம் எல்லாம் ஏறியிருந்த முதல் நாளிலிருந்தே லிட்டருக்கு முப்பது. முப்பத்திரண்டு வருடம் ஊரில் உள்ள தராசையெல்லாம் சந்தேகப்பட்டவன், இந்த மீட்டர் ஒன்றைத்தான் சந்தேகப்படவில்லை. அவள் அன்றே சொன்னாள். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பஸ் வேண்டாம். சாய்மானத்தை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். இந்தக் கடிதத்தை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், பின்குறிப்பை முதலில். திரும்பி வரும்போது நூற்று முப்பத்தெட்டுக் கல்லையும் அவளே படிக்கட்டும். மீட்டர் மேல் துணியைக் கட்டியாகிவிட்டது.