விலை சொல்லாத படகு

கடலைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அவர்களால் முடியாத காரியம் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள், ஐசல் ஆற்றங்கரை வணிகக் கல்லூரியின் இந்த ஆண்டுக் கணக்கியல் தேர்வைப் பார்த்துத் திருந்த வேண்டும். அதன் நான்காம் கேள்வியை உருவாக்க ஒன்பது அறிஞர்கள் பதினான்கு மாதம் பாடுபட்டார்கள்.

முதலில் அது நாகரிகமில்லாத ஒரு கேள்வியாகத்தான் இருந்தது. நாற்பதாயிரம் யூரோவுக்கு ஒரு படகு. எட்டு ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம்? படித்தவுடன் புரிந்துவிடும். இப்படிப்பட்ட ஒன்றை எப்படி வெளியே விடுவது? 'கேள்வித் தர மேம்பாட்டுக் குழு' கூடியது. அந்த நாட்டில் கூட்டம் என்றால் வந்தவர் ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஒருத்தர் முகம் வாடினாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட வேண்டும்.

சட்ட நிபுணர் நான்கு 'அல்ல'க்களைச் சேர்த்தார். சுற்றுச்சூழல் நிபுணர் ஆற்றைக் காப்பாற்றினார். படகின் நிறம் எவர் மனதையும் புண்படுத்தக் கூடாது என்றார் மூன்றாமவர். விலையில்தான் சிக்கல் வந்தது. நாற்பதாயிரம் குறைவு என்றார் ஒருவர். நாற்பத்து நாலாயிரம் அதிகம் என்றார் இன்னொருவர். ஐந்து செவ்வாய்க்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில் தொழில்துறைப் பிரதிநிதியான ஹூக்ஸ்ட்ரா தொண்டையைச் செருமினார். ஊரிலேயே பெரிய கணக்காளர் அலுவலகம் அவருடையது.

"விலையையே எடுத்துடலாமே. யாருக்கும் வருத்தமில்ல பாருங்க."

குழு எழுந்து நின்று கைதட்டியது. கேள்வி இவ்வாறு அச்சாயிற்று:

'ஆற்றுக்கு ஊறு செய்யாத ஒரு நிறுவனம், பொதுவாக ஏற்கத்தக்க நிறமுடைய படகு ஒன்றை, முன்பே வாங்காமல் இருந்திருந்தாலன்றி, இவ்வாண்டு வாங்கவில்லை எனக் கருதலாகாது. உரிய விலையை உரிய முறையில் கருத்தில் கொண்டு, எட்டு ஆண்டுகளுக்கான ஆண்டுத் தேய்மானத்தைக் காண்க. ஓர் எண் போதும்.'

இந்த மகத்தான கேள்வியின் முன்னால், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே, பத்தொன்பது வயது யிட்ஸ்கே உட்கார்ந்திருந்தாள். தேர்வென்றால் விளையாட்டுக் கூடம்தான். தரைக்குக் கம்பளம் விரித்து நூற்றுப் பன்னிரண்டு மேசை போட்டிருந்தார்கள். அரை ஆண்டாக ஹூக்ஸ்ட்ராவின் அலுவலகத்தில் அவள் பயிற்சி ஊழியர். ரசீது ஒட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தேர்வில் தேறினால் ஜூலை முதல் தேதியிலிருந்து நிரந்தர வேலை என்று ஹூக்ஸ்ட்ரா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அந்த நாற்காலி தேறிய வேறு யாருக்காவது போய்விடும்.

கேள்வியை மூன்று முறை படித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் ஷூர்ட் வந்தார். அவர் உடற்பயிற்சி ஆசிரியர்.

"சார், இதுல விலை இல்லையே."

ஷூர்ட் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "படகு இருக்குல்ல?"

"இருக்கு."

"எட்டு வருஷம் இருக்குல்ல?"

"இருக்கு சார். விலைதான் இல்ல."

"எல்லாமே கேள்வியிலேயே இருந்துட்டா அப்புறம் உனக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டுவிட்டு, கல்வியின் தத்துவத்தையே சொல்லிவிட்ட நிறைவோடு கயிறு ஏறும் கம்பத்தின் பக்கம் போனார்.

வேறு நாட்டு மாணவர்களாக இருந்தால் இந்த இடத்தில் அழுதிருப்பார்கள். அல்லது ஆளுக்கொரு எண்ணை எழுதிச் சீரழிந்திருப்பார்கள். ஆனால் ஒன்பது பேர் கூடி விலையை ஒளித்தால், நூறு பேர் கூடி அதைக் கண்டுபிடிக்கத் தெரியாத நாடா அது? மாணவர்கள் கூட்டம் போட்டார்கள். இடம்: கழிப்பறை. விதிப்படி ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்பதால், உலகிலேயே ஒவ்வொருவராகத் தனித்தனியே போய்க் கூடிய ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் போனவன் கழிப்பறைக் காகிதச் சுருளின் நுனியில் 'படகு என்ன விலை?' என்று எழுதிவிட்டு வந்தான். அடுத்தவள் நாற்பதாயிரம் என்று முன்மொழிந்தாள். மூன்றாமவன் நாற்பத்து நாலு. 'என் மாமா முப்பத்தெட்டுக்கு வாங்கினார், ஆனால் அது ஒழுகுது' என்பது நான்காமவனின் அறிக்கை. பத்தாவது ஆள் போவதற்குள் சமரசம் எட்டப்பட்டிருந்தது: நாற்பத்து இரண்டாயிரம். அதற்குக் கீழே யாரோ ஒரு பொறுப்புள்ள பெண், 'எல்லாருக்கும் பேச வாய்ப்புக் கிடைத்ததா?' என்று கேட்டிருந்தாள். அதன் கீழே ஆதரவுக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டிய கட்டுகளாக.

ஷூர்ட் தம் கண்காணிப்பு அறிக்கையில், 'மாணவர்கள் காலையில் காப்பி அதிகம் குடித்துள்ளனர்' என்று பதிவு செய்தார்.

யிட்ஸ்கேயின் பின்மேசையில் வீபே. முதலாண்டிலிருந்து கூடப் படிக்கிறவன். கழிப்பறையிலிருந்து திரும்பும்போது ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் அவள் மேசையோரம் குனிந்தான்.

"நாப்பத்திரண்டு. எட்டால வகுத்தா அஞ்சாயிரத்து இருநூத்தம்பது. எழுதித் தொலை."

"எங்கருந்துடா வந்துச்சு நாப்பத்திரண்டு?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"படகு விக்கிறவன் ஒத்துக்கிட்டானா?"

"லூசு, படகே கெடையாதுடி. கேள்வி அது."

அவளும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். அறுபத்து நான்கு கோடுகள் இருந்தன. அறுபத்தைந்தாவதைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். வேலை, ஜன்னலோர மேசை, மாதச் சம்பளம் எல்லாம் அந்த ஒரு கோட்டில் இருந்தன. திரும்பி வந்து விடைத்தாளில் '42' என்று எழுதவும் எழுதினாள். அதற்கு மேல் கை போகவில்லை. அரை ஆண்டு ரசீது ஒட்டிய கை அது. ரசீதில்லாத எண்ணைப் பார்த்தால் அதற்கு அரிக்கும். அடித்துவிட்டு, 'விலை தரப்படவில்லை. எனவே தேய்மானம் காண முடியாது' என்று எழுதித் தாளைக் கொடுத்துவிட்டாள்.

தேர்வு முடிந்தது. முடிந்த கையோடு, கேள்வி குழப்பமாக இருந்ததென்று நூற்றுப் பன்னிரண்டு பேரும் புகார் எழுதினார்கள். அது அங்கே வழக்கம். தேர்வெழுதிவிட்டுப் புகார் எழுதாதவன் தேர்வே எழுதவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

குழு மீண்டும் கூடியது. தலைவி ரூலின் கவலையோடு ஆரம்பித்தார்.

"ஒரு சின்னச் சங்கடம். நம்மகிட்ட விடைக்குறிப்பு இல்ல. விலை இல்லாததால விடையையும் எழுதாம விட்டுட்டோம்."

"பசங்க என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார் ஹூக்ஸ்ட்ரா.

"அதான் ஆச்சரியம். நூத்திப் பதினோரு பேர் அஞ்சாயிரத்து இருநூத்தம்பதுன்னு எழுதியிருக்காங்க."

"அப்புறமென்ன, அதான் விடை."

சட்ட நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "குழப்பமான கேள்விக்கு நூத்திப் பதினோரு பேர் எப்படி ஒரே பதில் எழுத முடியும்? ஆகவே கேள்வி தெளிவா இருந்திருக்கு. ஆகவே புகார் தள்ளுபடி."

காப்பி பற்றிய ஷூர்ட்டின் அறிக்கை 'உடல்நலம்' என்ற தலைப்பின் கீழ் கோப்பில் வைக்கப்பட்டது. யிட்ஸ்கேயின் தாளைப் பற்றி ஒரு வரி மட்டும் குறித்தார்கள்: 'ஒரு மாணவிக்கு வாசிப்பதில் சிரமம் உள்ளது, அன்போடு அணுகவும்.'

தேறப் பத்துக்கு ஐந்தரை வேண்டும். அவளுக்கு வந்தது ஐந்து புள்ளி நான்கு.

முடிவு வந்த அன்று மாலை, அந்த நாட்டு வழக்கப்படி, தேறியவர்களின் வீட்டு வாசலிலெல்லாம் கம்பத்தில் கொடி ஏறியது. கொடிக்குப் பக்கத்தில் பழைய புத்தகப் பை தொங்கியது. யிட்ஸ்கேயின் தெருவில் ஆறு பைகள் ஆடின. அவள் அப்பா கொடியை மடித்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, "காத்து வேற அதிகமா இருக்கு," என்றார்.

மறுநாள் அவள் ஹூக்ஸ்ட்ராவைப் போய்ப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, காப்பியைத் தம் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"உன் தாளைப் படிச்சேன்மா. ஒண்ணு ஒளிக்காம சொல்லட்டுமா? நூத்திப் பன்னெண்டு பேர்ல நீ ஒருத்திதான் சரியா எழுதியிருக்க."

"அதைக் குழுவுல சொன்னீங்களா சார்?"

"எல்லாரும் ஒத்துப்போன நேரத்துல எழுந்து அப்படிச் சொல்றது மரியாதையா?"

"சரி. அப்போ என் வேலை?"

"அதுக்குத்தான் வர்றேன். நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் வர்றார்னு வை. கணக்குல ஒரு எடம் காலியா இருக்கு. நீ 'விலை தரப்படவில்லை'ன்னு எழுதிக் குடுப்ப. அவர் எழுந்து எதிர்க் கடைக்குப் போயிடுவார். அந்தப் பசங்களைப் பாரு. ரசீது இல்ல, பேரேடு இல்ல, ஒருத்தன் மேலயும் தனியா பழி விழல. எல்லாரும் ஒரே எண். அதையும் எட்டால மீதியில்லாம வகுபடுற மாதிரி பாத்து எடுத்திருக்காங்க. இந்தத் தொழிலைச் சொல்லிக் குடுக்க எனக்கு ஆளுக்கு ஆறு வருஷம் ஆகும். இவங்க மூணு மணி நேரத்துல கத்துக்கிட்டாங்க."

"யாரை எடுத்திருக்கீங்க?"

"வீபேன்னு ஒரு தம்பி. நேர்காணல்ல படகு எங்க வாங்குனதுன்னு கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காம ஊர் பேரு சொன்னான்."

யிட்ஸ்கே காப்பியை முழுவதும் குடித்தாள். "அந்த ஊர்ல ஆறு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். ஹூக்ஸ்ட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே, நான்காம் கேள்வி குழப்பமானது என்று இனி யாரும் வாய் கூசாமல் பேச வேண்டாம். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதுவதற்கு உனக்கு எத்தனை பேர் துணை வேண்டும் என்று அது பளிச்சென்றுதான் கேட்டது. நூற்றுப் பதினொரு பேருக்கும் அது நன்றாகப் புரிந்தது.