மாப்பிள்ளை சரிசெய்த குழாய்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா சொல்லச் சொல்ல அத்தை எழுதும் கடிதம். நீங்களும் எங்க மகளும் சுகமாக இருக்கணும். இங்கே நான், அத்தை, நான் பராமரிக்கிற மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிற எங்க ஒற்றை அறை, மூணு பேரும் இன்று வரைக்கும் சுகம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறமும் சுகமா என்பது உங்க கையில்தான் இருக்கு.

போன மாசம் விருந்துக்கு வந்தபோது, சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு வராமல், மைதானத்தின் வலது ஓரத்தில் ஒழுகிக்கிட்டிருந்த குழாயை முக்கால் மணி நேரத்தில் சரிசெய்துட்டுப் போனீங்களே, தங்கமான மனசு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை, அந்த முக்கால் மணி நேரத்தில், இங்கே பயிற்சி எடுக்கிற நம்ம தேசியக் கால்பந்து அணியின் கதையையே முடிச்சிட்டீங்க. (கோபமாகச் சொல்லவில்லை, அழுகிற மாதிரிதான் சொல்கிறார். – அத்தை)

அந்தக் குழாய் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை வெடித்தது. எனக்கு அன்றைக்கு மூக்கடைப்பு, அத்தைக்கு என்மேல் கோபம், எல்லாம் ஞாபகம் இருக்கு. கால்பந்துச் சங்கச் செயலாளர்கிட்ட போய்ச் சொன்னேன். "நாளைக்குப் பார்க்கலாம்யா"ன்னார். அந்த நாளைக்கு வரவே இல்லை, அவருக்குப் பிறகு ஆறு செயலாளர்தான் வந்தாங்க. வலது ஓரம் பூரா சேறு. அங்கே பந்தோடு ஓடின முதல் ஆள் விழுந்து எழுந்தப்போ காதுக்குள்ளே புல் இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒருத்தனும் அந்தப் பக்கம் கால் வைக்கலை. எல்லாரும் இடது பக்கமாகவே ஓடினாங்க. திரும்பி எதிர்த்திசையில் ஆடினால் அந்தச் சேறு இடது கைப் பக்கம் வந்திருக்குமே என்று கேட்பீங்க, நீங்க புத்திசாலி. ஆனால் அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தில்தான் உங்க அத்தை துணி காயப்போடுவாள். அதனால் தேசிய அணி என்றைக்கும் ஒரே திசையில்தான் பயிற்சி எடுத்தது. (வேறு எங்கே காயப்போடுவதாம்? – அத்தை)

இடது பக்கமாகவே ஓடி ஓடிப் பெரிய பெரிய நாட்டையெல்லாம் ஜெயித்தாங்க. எல்லா கோலும் எனக்கு மனப்பாடம், வேணும்னா நேரில் சொல்றேன். (வேண்டாம் மாப்பிள்ளை. – அத்தை) போன வருஷம் கண்ணாடி போட்ட ஒருத்தர் நம்ம அணியின் வரலாறு என்று தலையணை மாதிரி ஒரு புத்தகம் போட்டார். இடது பக்கத் தாக்குதல்தான் நம்ம தேசத்தின் ஆன்மாவாம், முன்னோர்கள் காலத்திலிருந்தே நம்ம ரத்தத்தில் ஊறியதாம். அத்தை வாசிக்க நான் கேட்டேன். ஊறியது எங்கேயிருந்து என்று எனக்குத்தானே தெரியும்.

இப்போ வலது ஓரம் காய்ஞ்சு புல் முளைச்சாச்சு. புது வீட்டில் ரெண்டாவது வாசலைப் பார்த்த மாதிரி பையன்கள் திகைச்சு நிக்கிறாங்க. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம், பந்து நடுவில் அநாதை. வரிசையாக மூணு தோல்வி. கோச் என்னைப் பார்த்து, "பெரியவரே, தரையில ஏதோ மாறிடுச்சு, இல்ல?"ன்னார். "வெயில் ஜாஸ்தி சார்"னு சொல்லிட்டேன். உங்களைக் காட்டிக் கொடுப்பேனா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் தோற்றால் இந்த மைதானமே ராசியில்லை, பூட்டிட்டு வேற இடம் போகலாம் என்கிறார் செயலாளர். அப்புறம் நானும் அத்தையும் பெட்டியோடு உங்க வீட்டு வாசலில்தான் நிற்கணும்.

அதனால் மாப்பிள்ளை, ஸ்பானரோடு உடனே புறப்பட்டு வாங்க. குழாயைப் பழையபடி ஒழுக விடுங்க. ரொம்ப வேணாம், காது வரைக்கும் சேறு போதும்.

நீங்க ரெண்டு பேரும் பேரும் புகழுமாக, ஒழுகாத கூரைக்குக் கீழே நூறு வருஷம் வாழணும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மாமா (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து போயிடுச்சு. மூணுக்கு பூஜ்யம், ஜெயிச்சாச்சு! எதிரணிக்காரங்களும் அந்தத் தலையணைப் புத்தகத்தைப் படிச்சிருக்காங்க போல, ஏழு பேரை இடது பக்கமே காவலுக்கு நிறுத்தினாங்க. நம்ம ஆள் வலது பக்கமாகத் தனியா நடந்து போய் மூணு தடவை போட்டுட்டு வந்தான். வலது பக்கம்தான் தேசத்தின் ஆன்மா என்று இன்றைக்குப் பேப்பரில் வந்திருக்கு. நீங்க வர வேண்டாம், ஸ்பானரைக் கண்ணிலேயே காட்ட வேண்டாம். குழாயைச் சரிசெய்த புண்ணியவான் யார் என்று செயலாளர் கேட்டார். நான்தான் என்று சொல்லிட்டேன். வியாழக்கிழமை பேட்டி எடுக்க வர்றாங்க. ஸ்பானரை எந்தப் பக்கமாகத் திருப்பினீங்க என்று மட்டும் உடனே எழுதுங்க.