நேரடித் தெரிவு

"நாங்கள் தெரிவாகிட்டம்" என்றான் றொபின்.

படகு இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்த கிறிஸ்ரோபர் வெளியே எடுத்தான்.

"ஆரை வெண்டனாங்கள்?"

"ஒருத்தரையும் வெல்லேல்லை. விளையாடவே இல்லையே. போட்டியை இந்த முறை எங்கடை ஊரிலை நடத்துறபடியால் எங்களுக்கு நேரடி இடம். உலகக் கிண்ணத்திலையும் நடத்துற நாட்டுக்கு அப்பிடித்தானே."

றொபின், குருநகர் பாய்மரம் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கிறிஸ்ரோபர் அதன் அணித் தலைவன், கோல் காப்பாளனும் அவன்தான். கடல்கடந்த தமிழர் கிண்ணம் என்ற உதைபந்தாட்டப் போட்டி இதுவரை எட்டு அணிகளோடு பாரிஸ், ரொறன்ரோ என்று நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு அணிகளைப் பதினாறாகப் பெருக்கி, முதல் தடவையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

வேறொருவன் என்றால் வெடி கொளுத்தியிருப்பான். கிறிஸ்ரோபர் தலையைத் திரும்பவும் இயந்திரத்துக்குள் விட்டான். முன்பொருமுறை கோயில் திருவிழாப் போட்டியில் அவன் பதினொரு கோல் வாங்கியவன். அன்றிலிருந்து மீன் சந்தையில் அவனுக்குப் 'பதினொண்டு' என்றுதான் பெயர். மனைவி யசிந்தா நண்டு வாங்கப் போனாலும், "பதினொண்டின்ரை மனிசிக்கு நல்லதாப் பார்த்துக் குடு" என்பார்கள். அது உள்ளூர் அணியிடம் வாங்கியது. இனி வரப்போவது வெளிநாட்டு அணிகள். நேரடி ஒளிபரப்பு வேறு.

"தெரிவுப் போட்டியிலை விளையாடித் தோத்திருந்தா நிம்மதியா இருந்திருக்கலாம்" என்றான்.

"விசர்க் கதை கதைக்காதை. முதல்லை ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடிப் பழகுவம்."

ஆனால் ஆட ஆள் இல்லை. குடாநாட்டுக் கழகங்கள் எல்லாம் தெரிவுப் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. கிடைத்த ஓய்வு நாளில் இவர்களோடு விளையாடிக் காலை உடைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கடைசியில் பருத்தித்துறை அணியொன்று சம்மதித்தது. சம்மதித்த பிறகுதான் கிறிஸ்ரோபருக்குப் புதுப் பயம் பிடித்தது. அங்கே போய்ப் பத்துப் பன்னிரண்டு வாங்கினால், போட்டி தொடங்க முதலே மானம் பஸ் ஏறிவிடும். போனை எடுத்தான்.

"மன்னிக்கோணும் அண்ணை, எங்களுக்கு வரேலாது."

"ஏன் தம்பி?"

பயம் என்று சொல்லவா முடியும்?

"எங்கடை விளையாட்டை இப்போதைக்கு வெளியிலை காட்டுறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம்."

மறுமுனையில் அதைப் பக்கத்தில் நின்றவருக்கு இரகசியமாகச் சொல்வது கேட்டது. "ஓம், விளங்குது" என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

சொந்த மைதானத்திலாவது பழகலாம் என்று போனால், வாசலில் கயிறு கட்டியிருந்தது. பதினாறு அணிகளுக்கென்று மைதானத்தைத் திருத்திப் புதிதாகப் புல் பதித்திருந்தார்கள்.

"முதல் ஆட்டம் தொடங்கும்வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கேலாது" என்றார் காவலாளி.

"நாங்கள்தானே ஐயா போட்டியை நடத்துறம்."

"அதாலைதான் தம்பி. வாறவைக்கெல்லோ வடிவா இருக்கோணும்."

கடற்கரைக்குப் போனார்கள். மணலில் பந்து உருளவில்லை. ஆகவே முன்வரிசை ஆட்டக்காரன் மயூரதன் பந்தைக் கீழிருந்து கிண்டி உயர்த்தி அடிக்கப் பழகினான். அடித்ததெல்லாம் கடலுக்குள் போனது. அவனே நீந்திப் போய் எடுத்துவந்தான். வரவர அவன் நீச்சலில் நன்றாகத் தேறினான். வேடிக்கை பார்க்க வந்த சனம் போனில் படம் பிடிக்கத் தொடங்கியதும் கிறிஸ்ரோபருக்கு உடம்பு கூசியது. பழைய வலைகளையும் தறப்பாளையும் கொண்டுவந்து படகுகளுக்கிடையில் கட்டி எல்லாவற்றையும் மறைத்தான். அதன்பிறகு உள்ளே இருந்து வெளியில் கேட்டது, மயூரதன் கடலில் குதிக்கும் சத்தம் மட்டும்தான்.

யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். முதல் ஆட்டமே ஒஸ்லோ அணியோடு. றொபின் ஒஸ்லோக்காரரின் தெரிவுப் போட்டி வீடியோ ஒன்றை அனுப்பிவைத்தான். அதில் ஒருவன் அடித்த பந்து கோல் வலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. கிறிஸ்ரோபர் வலையோடு பிறந்து வளர்ந்தவன். அந்த இடத்தை நிறுத்தி, பெருப்பித்துப் பார்த்தான். பழுதான வலை இல்லை. நல்ல வலை. முடிச்சோடு அறுந்திருந்தது. அவன் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அன்றிரவு அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் வலக்கையில் பெரிய கட்டோடு வந்தான்.

"எஞ்சினுக்குள்ளை அம்பிட்டுட்டுது" என்றான்.

றொபினின் முகம் வெளுத்தது. "அப்ப ஆர் கோலுக்கு நிக்கிறது?"

எல்லாரும் மயூரதனைப் பார்த்தார்கள்.

"நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை" என்றான் மயூரதன்.

வேறு வழி தெரியாத றொபின் பங்குத் தந்தையிடம் ஓடினான். ஞாயிறு பூசையில் அவர், கிறிஸ்ரோபரின் கைக்காக முழுச் சபையையும் முழந்தாளில் நிறுத்திவிட்டார். சந்தையில் அவனைப் பகிடி பண்ணிய அதே சனம் கண்ணை மூடிக்கொண்டு உருகி மன்றாடியது. கிறிஸ்ரோபருக்கு அந்த இடத்திலேயே நிலம் வெடிக்காதா என்றிருந்தது. பூசை முடிந்ததும் பங்குத் தந்தை அவன் தலையில் கை வைக்க வந்தார். வந்தவர் நின்று பார்த்தார்.

"வலக்கை எண்டெல்லோ றொபின் சொன்னவன்?"

கிறிஸ்ரோபர் குனிந்து பார்த்தான். காலையில் அவசரத்தில் கட்டை இடக்கையில் போட்டிருந்தான். கட்டுப்போட்ட கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பக்கத்தில் நின்ற யசிந்தா முகம் மாறாமல் சொன்னாள்: "வலக்கை சுகமாகி, வருத்தம் இடக்கைக்கு மாறியிட்டுது ஃபாதர்."

பங்குத் தந்தை கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதுவும் சுகமாகும்" என்று சொல்லிக்கொண்டே கட்டைத் தானே அவிழ்த்துவிட்டார். சபை கை தட்டியது. சந்தையிலிருந்து நாவாந்துறை வரை அன்றைக்கே பூசையில் கை சுகமாகிப் புதுமை நடந்த செய்தி போய்விட்டது. இனி அவனால் வருத்தமென்று சொல்லித் தும்மக்கூட முடியாது.

போட்டி நாள் காலை, யசிந்தா அவனுடைய கையுறைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்தாள். அவன் கட்டிலில் குந்தியிருந்தான்.

"யசிந்தா, எனக்குச் சரியான பயமாக் கிடக்கு."

"தெரியும்."

"கை விசயமும் தெரியுமோ?"

"கட்டுப்போட்ட கையாலை கயிறு முறுக்கினதைப் பார்த்தனான்." கையுறைகளை மடியில் வைத்தாள். "எத்தினை வாங்கினாலும் வீட்டுக்கு வாங்கோ. அவ்வளவுதான்."

மைதானம் நிறைந்து வழிந்தது. பாண்ட் வாத்தியம், மாலைகளோடு பிரமுகர்கள், மரத்தில் கட்டிய கமரா. பாய்மரம் அணி வரிசையில் நின்றது. புல்லின் மேல் நின்றே பழக்கமில்லாததால் மயூரதன் அடிக்கடி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டான். எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது.

தொடங்கும் நேரம் வந்தது, போனது. வீதியில் ஒவ்வொரு வாகனம் இரையும்போதும் கிறிஸ்ரோபர் கையுறைகளைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டான். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பாண்ட்காரர் ஒரே பாட்டைத் திரும்பவும் தொடங்கினார்கள்.

கடைசியில் ஒஸ்லோ அணிக்கென்று வாடகைக்குப் பிடித்த வான் வந்து நின்றது. கிறிஸ்ரோபர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டான். திறந்தபோது, சாரதி கஜானன் மட்டும் தனியாகப் புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தான். கிறிஸ்ரோபருக்குச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டு, நெருங்கி வராமல், பணிவாகக் கேட்டான்:

"அண்ணை, நீங்களோ அந்தக் கோல்கீப்பர்? ஒருத்தருக்கும் காட்டாமல் மறைச்சுப் பழகினதும் கோயிலிலை நீங்கள் கைக்கட்டை அவிட்டுப்போட்டு எழும்பினதும் கேள்விப்பட்டு, நேற்றிலையிருந்து ஒஸ்லோப் பெடியள் ஒரு பிடி சாப்பிடேல்லை. விடியவே கொழும்பு பஸ்ஸிலை ஓடியிட்டினம்."