ஊறிக்கொண்டிருக்கும் எலும்புத் துணுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த வாரத்தில் இன்னொரு கெட்ட செய்தி கேட்க எனக்குத் தெம்பில்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள், கணவரின் எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "எதுக்கு டாக்டர், பார்த்தாலே தெரியலையா?" என்று கேட்பாளா? கேட்டேன். கறுப்பாக இருந்தாலே நல்ல மண் என்று சாதிக்கும் விவசாயிகளிடம், "பார்த்தா தெரியாதுங்க, எடுத்துச் சோதிக்கணும்" என்று தினமும் சொல்லிப் பிழைக்கிற வாய் இது.

உங்கள் மாப்பிள்ளைக்கு வலது தொடையில், முட்டிக்குச் சற்று மேலே, ஆறு மாதமாக வலி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பதினெட்டு வருடமாகத் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே ஊரைக் காப்பாற்றியவர், ஆகவே இது பிரேக் வலி என்று அவரே முடிவு செய்து, அவரே தைலம் தேய்த்து, குணமாகிவிட்டதென்றும் அவரே அறிவித்துவிட்டார். மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் எலும்புக்குள் கரையான் அரித்தது போல ஓர் இடம். ஸ்கேனிலும் அதேதான். மருத்துவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "புற்றுநோயா இருக்கலாம், கிருமித் தொற்றாவும் இருக்கலாம். படத்துல சில சமயம் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். புற்றுநோய்னாலும் எந்த வகைன்னு தெரியாம வைத்தியம் பண்ண முடியாது. பயாப்ஸி பண்ணிடலாம்" என்றார். அப்போதுதான் என் வாய் அந்தக் கேள்வியைக் கேட்டது. "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; அது இன்னும் மோசம்.

"ஊசி பட்டா பரவிடும், தொட விடாதே!" என்று நீங்கள் போனில் கத்தியதையும் அவரிடமே கேட்டேன், நீங்கள் கேட்கச் சொன்னதாக. "அந்தப் பயம் முழுக்கத் தப்பில்லைம்மா. ஊசி போன வழியில புற்றுநோய் செல் ஒட்டிக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. அதனாலதான், நாளைக்கு ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா பண்ணப் போற நானே இடம் பார்த்துக் குத்தறேன். வெட்டும்போது அந்த வழியையும் சேர்த்து எடுத்துடுவேன்" என்றார். அண்ணா, இந்த மாதம் எனக்கு விழுந்த அடிகளில், நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதும் ஒன்று.

பயாப்ஸி அன்று அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் போர்வைக்குள் எதையோ மிதித்தது. "சார், காலை ஆட்டாதீங்க" என்றார் வண்டி தள்ளிய பையன். "நீங்க ஹாரன் அடிக்காமத் திரும்பறீங்களே தம்பி!" நானோ, ஓரத்திலிருந்து எடுப்பீர்களா நடுவிலிருந்தா, எத்தனை துணுக்கு, புட்டியில் பெயர் எழுதுவது யார் என்று நர்ஸம்மாவைத் துளைத்து, "மேடம், கொஞ்சம் வெளியே இருங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே இருந்ததால்தான் புட்டி என் கண்ணில் பட்டது. அதில் 'இடது தொடை' என்று எழுதியிருந்தது. அந்த நடைவழியில் நான் போட்ட சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. யாரோ கத்துகிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன். திருத்தி எழுதினார்கள். மூன்று முறை வாசித்துப் பார்த்த பிறகே கொண்டுபோக விட்டேன்.

எலும்பு கல் மாதிரி இருக்குமாம். அமிலத்தில் ஊறவைத்து மிருதுவாக்கினால்தான் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமாம். பத்து நாள். போன் செய்கிறவர்களிடமெல்லாம் இவர், "ஊறப் போட்டிருக்காங்க, இன்னும் வேகலை" என்கிறார். நாலாம் நாள் நானே மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, "ஊறிடுச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். "பத்து நாள் கழிச்சு வாங்கம்மா" என்றது தலை நிமிராத ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக என் தொண்டையில்தான் இருக்கிறது.

நாளை முடிவு தெரியும். நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். எதுவானாலும் ஆதாரம் கையில் இருக்கும். ஆதாரம் இருந்தால் எனக்குப் பயமில்லை. நான் நிதானமாக இருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உங்கள் தங்கை

பி.கு.: நேற்று இதைத் தபாலில் போடவில்லை. இன்று முடிவு வந்தது. புற்றுநோய்தான். மெதுவாக வளரும் வகை, வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு உலோகம் பொருத்தலாம், கால் இருக்கும் என்றார் மருத்துவர். உங்கள் மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "பிரேக் மிதிக்கலாமா?" "முதல்ல நடங்க சார், அப்புறம் பார்க்கலாம்." நான் அறிக்கையில் பிழை தேடினேன். பெயர், வயது, வலது தொடை, எல்லாம் சரியாக இருந்தன. வீடு திரும்பும்போது எங்கள் டாக்ஸிக்குக் குறுக்கே ஒரு பேருந்து பாய்ந்தது. அவர் கால் அசையவே இல்லை. என் கால்தான், அங்கே இல்லாத பிரேக்கை, வீடு வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தது. மேலே உள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். புறப்பட்டு வாருங்கள் அண்ணா.